சனிக்கிழமை நாலு பன்னிரண்டுக்கு வைஃபை இல்லை

1

முதலில் ஒரு வாக்குமூலம், வாசகரே. இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. காஸ்வே நெரிசலில் கிடைத்தது.

சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூருக்குத் திரும்பும் எங்கள் கம்பெனி பஸ், திங்கட்கிழமை சாயங்காலம் காஸ்வே பாலத்தின் நடுவில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. பக்கத்து இருக்கையில் லோஷினி. ஜொகூர்ப் பக்கம் கூலாயில் ஏறி, கூலாயிலேயே இறங்குகிறவள். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, நீங்க டெஸ்ட் டிபார்ட்மென்ட்லதானே இருக்கீங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அவள் கணவர் தன் கணினித் திரையைப் படம் எடுத்திருக்கிறார். அந்த வீட்டில் எல்லாருடைய கைப்பேசிப் படங்களும் ஒரே ஆல்பத்தில் போய் விழும். மகளின் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் ஒரு மீன் குழம்புக்கும் நடுவே இந்தப் படம் இருந்தது. அப்படிப் போய் விழுவது கணவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் படித்தேன். படித்ததோடு விட்டிருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"ஒங்க வீட்டு மெஷின் ஒரு பிளாக் கண்டுபிடிச்சிருக்கும்மா. போன சனிக்கிழமை, நாலு பன்னிரண்டுக்கு. ஆனா அந்த நேரம் வைஃபை இல்ல. கண்டுபிடிச்சத யாருக்கும் சொல்ல முடியாம வீணாப் போச்சு."

"எத்தன மணிக்குன்னு சொன்னீங்க?"

"நாலு பன்னிரண்டு."

"அலமாக்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் லோஷினி. அப்புறம் ஜொகூர் பாரு வரும் வரைக்கும் அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

கதை கிடைத்துவிட்டது. ஆரம்பிப்பதுதான் பாடு.

முதல் ஆரம்பம்: "எண்களின் இருண்ட சுரங்கத்தில், ஒளியைத் தேடிப் புறப்பட்டான் ஒரு தமிழன்..." (அடித்துவிட்டேன். லோஷினியின் கணவர் புறப்படவே இல்லை. ஸ்டோர் ரூமில்தான் இருந்தார்.)

இரண்டாவது ஆரம்பம்: "நாணயம் என்பது நம்பிக்கையின் மறுபெயர் எனக் கொள்வோமாயின், மையமற்ற வலையமைப்பில் நம்பிக்கையின் இடம் யாது என்ற வினா..." (இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸில் தூங்கிவிட்டேன். உட்லண்ட்ஸில் எழுப்பினார்கள்.)

மூன்றாவது, லோஷினி சொன்னபடியே.

ரூபேந்திரன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடம் மோட்டார் சைக்கிளில் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். மழை, லாரிப் புகை, நனைந்த காலுறை. கம்பெனி வியட்நாமுக்குப் போனதும் வீட்டோடு வந்துவிட்டார். பகலில் கொஞ்சம் ஏர்கான் சர்வீஸ் வேலை. மற்ற நேரமெல்லாம் ஸ்டோர் ரூம். அங்கே அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அவரே பாகம் பாகமாகப் பூட்டிய ஒரு கணினி, அதற்குக் காற்று வீச இரண்டு ஸ்டாண்டு ஃபேன். வீட்டு மனிதர்களுக்கு ஒரு ஃபேன்தான்.

"இது நாலு நம்பர் லாட்டரி மாதிரிதானே?" என்று ஆரம்பத்திலேயே கேட்டாள் லோஷினி.

"நாலு நம்பர் இல்ல லோஷி. உலகம் பூரா மெஷினுங்க ஒரு நம்பரத் தேடிக்கிட்டே இருக்கும். எது மொதல்ல கண்டுபிடிக்குதோ அதுக்குக் கம்ப்யூட்டர் காசு பரிசு. அப்படிக் கண்டுபிடிக்கிறதுக்குப் பேருதான் பிளாக்."

"அதத்தான் நாலு நம்பர்னு சொல்றேன்."

ரூபேந்திரன் மூச்சை இழுத்து விட்டார். "தனியாத் தேடினா ஆயுசுக்கும் கெடைக்காது. அதனால நாங்க நாப்பது பேரு சேந்து தேடுறோம். யாருக்குக் கெடைச்சாலும் எல்லாருக்கும் பங்கு."

"பங்கு பிரிக்கிறவன் தூக்கிட்டு ஓடிட்டா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முகம் மலர்ந்தது. "அதான் விசயமே! மத்த கூட்டத்துல ஒரு தலைவன் இருப்பான், அவன் ஓடுவான். எங்க கூட்டத்துல தலைவனே கெடையாது. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு மெஷின், எல்லா மெஷின்லயும் ஒரே பதிவு. எவனும் ஏமாத்த முடியாது. அதுக்குப் பேருதான் நோடு. நம்ம வீட்டுலயும் ஒரு நோடு ஓடுது லோஷி. ஒரு வகையில பாத்தா நாமளும் தலைவர்தான்."

"தலைவர் வீட்டுக் கரண்டு பில்லப் பாத்தீங்களா?"

(இந்த இடத்தில் ஒரு குறிப்பு. மின்சாரத்தைத் திருடி இந்தத் தொழில் செய்கிறவர்களும் உண்டு. ரூபேந்திரன் அந்த ரகம் இல்லை. பில் வந்த அன்றே கட்டிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வருத்தமாக இருப்பார்.)

கூட்டத்தில் மற்றவர்களுக்கு எப்போதாவது ஒன்று கிடைத்தது, இவருக்கும் துளி வந்தது. இவர் மெஷின் மட்டும் தானாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் லோஷினி கெடு வைத்தாள். "இந்த மாசக் கடைசி ஞாயிறுக்குள்ள நம்ம மெஷினே ஒண்ணு கண்டுபிடிக்கட்டும். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா இத வித்துட்டு மறுபடி மோட்டார எடுங்க."

ரூபேந்திரன் ஒத்துக்கொண்டார். ஆகவே வாசகரே, இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இன்னும் ஒன்பது வருடத்து நனைந்த காலுறை.

3

இனி இடி.

ஜொகூரில் பிற்பகல் மழைக்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் முதல் இடி கேட்டதும் லோஷினி எழுந்துவிடுவாள். டிவி, ஃபிரிட்ஜ், சோற்றுப் பானை, வாட்டர் ஹீட்டர் என்று வரிசையாக எல்லாப் பிளக்கும் வெளியே வந்துவிடும். மழை விட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப உள்ளே போகும். நம்மில் பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. லோஷினி வீட்டில் அது சட்டம்.

ஏன்? முதல் படியில் நான் எழுதியது இது: "காஹாங் தோட்டத்தில் ஒரு மழை நாளில், மின்னல் பாய்ந்து அவள் அப்பா..." எழுதும்போதே எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"எங்கப்பாவா? நல்லாத்தான் இருக்காரு அக்கா. நேத்துக்கூட டுரியான் கொண்டாந்து குடுத்தாரு."

செத்துப்போனது அவர்கள் வீட்டு டிவி. தீபாவளிக்கு முதல் நாள், தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் படம் பார்க்கக் கூடியிருந்தபோது, இடி விழுந்து புகைந்துவிட்டது. அந்த வருடம் முழுக்க லயமே அவள் அப்பாவைக் கேட்ட ஒரே கேள்வி: "பிளக்கப் புடுங்கணும்னு தெரியாதா சின்னத்தம்பி?" ஏழு வயதில் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள், அப்படி ஒரு பேச்சு இனி தன் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள். அப்பாவைக் கொல்லாமல் விட்டதில் கதைக்கு நஷ்டம்தான். என்ன செய்வது, டுரியான் கொடுத்திருக்கிறார்.

ரூபேந்திரன் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. ரகசியமாக ஒரு யூபிஎஸ் பெட்டி வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் உள்ள பேட்டரியில் மெஷின் ஒரு மணி நேரம் ஓடும். எல்லாம் யோசித்தார். வைஃபை பெட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், வேறு பிளக்கில் இருப்பதை மட்டும் யோசிக்கவில்லை. புத்திசாலிகள் கோட்டை விடுவது இப்படித்தான்.

4

அந்தச் சனிக்கிழமை. இதை லோஷினியும் பாதிதான் பார்த்தாள். மீதி, ரூபேந்திரனின் மனதுக்குள் நான் அனுமதி கேட்காமல் புகுந்து எழுதுவது.

நாலு மணிக்கு இடித்தது. லோஷினி பிளக்குகளைப் பிடுங்கிக்கொண்டே ஹாலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வீடு இருட்டி அமைதியானது. இருவரும் சன்னலோரம் உட்கார்ந்து, சூடான பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, தின்றபடி மழையைப் பார்த்தார்கள். ஸ்டோர் ரூமில் மெஷின் ஓடிக்கொண்டிருப்பது தனக்கு மட்டும் தெரியும் என்பதில் ரூபேந்திரனுக்குத் திருட்டுச் சந்தோசம். இரண்டு முறை தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"என்னங்க சிரிக்கிறீங்க?"

"பீசாங் கோரெங் நல்லாருக்கு."

ஐந்து மணிக்கு அவள் எல்லாவற்றையும் திரும்பச் செருகினாள். அவர் போய்த் திரையைப் பார்த்தார். நாலு பன்னிரண்டுக்கு அவருடைய மெஷின், தன்னந்தனியாக, பிளாக்கைக் கண்டுபிடித்திருந்தது. கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அந்த ஐம்பது நிமிடத்தில் உலகத்தில் வேறு யாரோ கண்டுபிடித்து, எல்லாரும் அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அவர் அரிசி டின்மேல் உட்கார்ந்தார். ஒரு படம் எடுத்தார். எழுந்து ஹாலுக்கு வந்தார்.

"லோஷி, நாலு மணிக்கு நீ..."

"நானு?"

"நீ... சாப்பிட்டியா?"

"ஒங்ககூடத்தானேங்க சாப்பிட்டேன்."

"ஆமா லா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

இங்கேதான் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. மெஷின் கண்டுபிடித்துவிட்டது. கெடுவுக்கு எட்டு நாள் முன்பே பந்தயத்தில் ஜெயித்தாயிற்று. கையில் படம் இருக்கிறது. சொல்ல வேண்டியதுதானே? என் வீட்டுக்காரர் டிவி ரிமோட் காணோம் என்றாலே கூரையைப் பிரிப்பார். இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா? கோழை என்று ஒரு படி எழுதினேன். தியாகி என்று ஒரு படி எழுதினேன். இரண்டையும் கிழித்தேன்.

எனக்குப் படுவது இதுதான். சொன்னால் அவர் ஜெயிப்பார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு இடிக்கும் அவள் அந்தப் பிளக்குக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். பிடுங்கலாமா கூடாதா என்று அவரைத் திரும்பிப் பார்ப்பாள். அப்படி அவளை நிற்க வைப்பதைவிட மோட்டார் சைக்கிளே மேல் என்று நினைத்துவிட்டார். ஆயர் ஈத்தாமில் பழைய கணினி வாங்கும் ஆ மெங்குக்கு அன்றைக்கே செய்தி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வேன் வரும் என்பதை மட்டும் லோஷினியிடம் சொன்னார்.

இதை எழுதும்போது அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய பிரியம் வந்துவிட்டது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

5

இப்போது லோஷினிக்கும் தெரியும். அவள் ஏன் அவரிடம் சொல்லவில்லை?

அவர்கள் கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்புச் செய்தவர் மற்றவருக்குப் பிடித்ததைச் சமைத்தோ வாங்கி வந்தோ வைப்பதுதான் வழக்கம். திங்கள் இரவு நண்டு வைத்தாள். செவ்வாய் நண்டு. புதன் நண்டு.

"நண்டு வெல எறங்கிருச்சா லோஷி?" என்று கேட்டாராம்.

வியாழக்கிழமை பஸ்ஸில், எழுதியதை அவளிடம் காட்டினேன். அப்போது இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

முதல் முடிவு: ஞாயிறு நாலரைக்கு மெஷின் இன்னொரு பிளாக் கண்டுபிடிக்கிறது. வைஃபை இருக்கிறது. கட்டிப்பிடிக்கிறார்கள். ஆ மெங் வெறும் வேனோடு திரும்புகிறார். (நாலு நம்பர் எடுக்கிறவர்கள் மட்டுமே நம்பக்கூடிய முடிவு.)

இரண்டாவது: ஞாயிறு இடிக்கிறது. லோஷினி எழவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ரூபேந்திரன் அவளைப் பார்க்கிறார், எழுந்து போய், அவரே வைஃபை பிளக்கை... (இத்தோடு நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் சர்க்கரை போட்டால் ஈ மொய்க்கும்.)

லோஷினி முதலாவதைப் படித்துச் சிரித்தாள். இரண்டாவதைப் படித்ததும் கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தாள். கடல்மேல் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மழைச் சட்டை போட்டவர்கள், போடாதவர்கள்.

"இத எப்ப அனுப்பப் போறீங்க?"

"ஞாயிறு பதிப்புல எடம் இருக்குன்னு ஆசிரியர் சொன்னாரு. ராத்திரிக்குள்ள கேக்குறாரு. நீ வேணாம்னா அனுப்ப மாட்டேம்மா. பேர மாத்தினாலும் ஒன் வீட்டுக்காரரு கண்டுபிடிச்சிருவாரு."

கூலாயில் பஸ் நின்றது. எழுந்தாள், படியில் இறங்கினாள், திரும்பினாள்.

"அவரு ஞாயித்துக்கெழம பேப்பர்ல மொதல்ல கதையத்தான் படிப்பாரு. அனுப்புங்க அக்கா."

"நீ அவருகிட்ட சொல்லிட்டியா?"

"நாலு தடவ வாயத் தொறந்தேன். நண்டு ஆறிருமேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். நீங்க அனுப்புங்க."

கதவு மூடிக்கொண்டது.

6

ஆகவே வாசகரே, வாசகரே என்று ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே நிறுத்துகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டலாம். இனி நான் பேசுவது ஒருவரிடம் மட்டும்.

தம்பி ரூபேந்திரன், அது உங்கள் பெயர் இல்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நீங்கள் எடுத்த படத்தை அவள் பார்த்துவிட்டாள். படித்துச் சொன்னவள் நான், கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பன்னிரண்டுக்குப் பிளக்கைப் பிடுங்கியது யார் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் ஜெயித்ததும் தெரியும். ஜெயித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு மெஷினை விற்கப் போவதும் தெரியும். வாரம் முழுக்க நண்டு வந்தது விலை இறங்கியதால் இல்லை.

ஐந்து மணிக்கு ஆ மெங் வருவார். அதற்குள் என்ன நடக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது இனி என் வேலை இல்லை.

அவள் இப்போது அடுப்படியில் இருப்பாள். நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போங்கள்.