மருமகள் ஓடினால் எழவு

எங்கள் ஊரில் வளர்ந்த மனுஷர்கள் ஓடுவதற்கு மூன்றே காரணங்கள்தான். பாலக்கோடு பஸ் கிளம்பிவிட்டது, மாடு அவிழ்த்துக்கொண்டது, இல்லாவிட்டால் யாரோ செத்துப்போனார்கள். மனசு சரியில்லை என்றும் ஒருத்தி ஓடலாம் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிவிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் பாலக்கோட்டில் ஒரு விதைக் கம்பெனியில் போன் எடுக்கிறேன். இந்தப் பட்டத்துக்கு நாங்கள் விற்ற தக்காளி விதை நன்றாக முளைத்தது, முழங்கால் உயரம் வளர்ந்தது, அப்புறம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது. விதையைத் தயாரித்தவர்கள் எங்கேயோ ஏசி அறையில் இருக்கிறார்கள். திட்டு வாங்குவது ஜெயபிரியாவாகிய நான். ஹெட்போன் உடைந்து மாதக்கணக்காகிறது. புதுசுக்கு எழுதிப் போட்டிருப்பதாக மேனேஜர் வெங்கடாசலம் சொல்கிறார், அதனால் எல்லாத் திட்டும் ஸ்பீக்கரில்தான்.

"உங்க புகாரப் பதிவு பண்ணியாச்சுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அவர் உத்தரவு. காய்க்காத செடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனிடம் அதைச் சொன்னால் கொஞ்சவா செய்வான்? என் அம்மாவிலிருந்து ஆரம்பிப்பான். அவன் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை, அதுதான் கொடுமை. கோபித்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் எல்லாமே என் நெஞ்சில் அடைத்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. ஆபீஸ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவது தினசரி வேலையானது.

தருமபுரி டாக்டர் காலையில் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடந்தால் கூடவே நாலு பெண்கள் நடக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, இன்னொரு குழந்தை எப்போது, செத்துப்போன மாமியாரின் நகை யாருக்கு என்று கேட்டுக் கேட்டு வியாதியை முற்றவைத்தார்கள். ஒருநாள் தாங்காமல் ஓட்டம் எடுத்தேன். ஒருத்தியாலும் கூட வரமுடியவில்லை. உலகத்திலேயே என்னை யாரும் எதுவும் கேட்க முடியாத இடம் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதிலிருந்து தினமும் விடியலில் ஏரிக்கரை மேல் ஓடினேன். என் கணவர் சங்கர் பால் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பியதும், அவருடைய பழைய ஷூவின் முனையில் துணியைத் திணித்து மாட்டிக்கொள்வேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணில் தண்ணீர் தானாக ஊற்றும். நான் நிறுத்துவதில்லை. மூச்சு வாங்கி, வேர்த்து, மூக்கைச் சிந்தி வீடு திரும்பினால் நெஞ்சு லேசாகிவிடும். அன்றைக்கு எத்தனை பேர் என் அம்மாவை இழுத்தாலும் சமாளிக்கலாம்.

ஒருநாள் ராத்திரி மழையில் ஏரிக்கரை சேறாகிவிட்டது. சரி, ஊர் வழியாகவே ஓடுவோம் என்று மெயின் ரோட்டில் இறங்கினேன். டீக்கடை சின்னராஜ் என்னவோ கேட்டார். மூச்சிரைப்பில் பேச வராமல் கையை மட்டும் ஆட்டினேன். இதில் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் மாமனார் மாதப்பன் இளைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து அதற்கு முந்தின வாரம்தான் வீடு வந்திருந்தார். அவருடைய மருமகள் விடிகாலையில் அழுதுகொண்டே ஓடுகிறாள், கேட்டால் கையை ஆட்டுகிறாள். ஊர் முடிவு கட்டிவிட்டது.

நான் ஒரு சுற்று முடித்துத் திரும்பியபோது எங்கள் வாசலில் பந்தல்கார ராஜப்பன் கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். சின்னராஜ் கடையைச் சாத்திவிட்டு மாலையோடு வந்திருந்தார். வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தையே இல்லாத சென்னம்மாள் தலையை விரித்துப் போட்டு, தங்கமான மனுஷன் போயிட்டாரே என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். என் மாமனார் கொல்லையிலிருந்து வாயில் வேப்பங்குச்சியோடு வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சென்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஆரம்பித்த வரியைப் பாடி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

ஊர் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உயிரோடு மாலை வாங்கிய மனிதரிடம் சிரிப்பை எதிர்பார்க்கவும் முடியாது. இனிமேல் ஓட்டம் கீட்டம் எதுவும் இந்த வூட்டில் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சங்கர் வழக்கம்போல அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

நிறுத்தினேன். நெஞ்சடைப்பு திரும்பி வந்தது. குழம்பில் இரண்டு தடவை உப்பு போட்டேன். சத்தமாக மூச்சு விடுகிறார் என்று சங்கரோடு சண்டை போட்டேன். இந்த வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்காது, விடாவிட்டால் நானே மிஞ்சமாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மாமனார் மண்டிக்குத் தக்காளி கொண்டுவந்தவர், நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஆபீஸுக்கு வந்தார். எங்கள் கம்பெனி விதையை அவர் வாங்கியதே இல்லை, குடும்பத்தில் அவ்வளவு விவரமானவர். இளைப்பு தீரட்டும் என்று ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். போன் அடித்தது. மாரண்டஅள்ளிப் பக்கத்து ஆள் ஒருவர். என் அம்மாவை முடித்து, பாட்டியைத் தாண்டி, கடைசியில் உன் வூட்டுல எழவு விழுந்தாத்தான் உனக்குத் தெரியும் என்றார். நான் பதிவு பண்ணியாச்சுங்க என்றேன்.

மாமனார் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"வுழுந்துருச்சுப்பா, போன வாரமே. செத்தவன்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. அடுத்த போன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் ஒவ்வொருவருக்கும் அதே வரியைச் சொல்வதை அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியலில் எழுந்தேன். அவர் கட்டில் காலியாக இருந்தது. கொல்லையிலும் இல்லை. மூச்சு முட்டி எங்காவது விழுந்துவிட்டாரோ என்று செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினேன்.

சின்னராஜ் கடையின் முன்பெஞ்சில், ரோட்டைப் பார்த்தபடி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நின்னுட்டியே, ஏம்மா?" என்றார். "நான் இங்கதான் குந்திக்கிட்டு இருக்கறேன், ஊரே பாக்குது. நீ அழுதுக்கிட்டே ஓடு."

ஓடினேன். இப்போதும் ஓடுகிறேன். நான் திரும்பி வரும்வரை அவர் அந்தப் பெஞ்சை விட்டு எழுவதில்லை. இளைப்பு அதிகமான நாட்களிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி வந்து உட்கார்ந்துவிடுகிறார்.