இருக்கையைக் கழுவிய செலவு

மொராவா ஆற்றங்கரை ஊரில் இருந்த காலணி ஆலையின் முதலாளி வுகாஷின், ஒரு சிறுகதையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலையின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் மாட்டியிருந்தார். எழுதியவள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் நேவெனா. அவரைக் கிழித்துத் தொங்கவிடத்தான் அவள் அதை எழுதினாள்.

கதையில் ஓர் ஆலை முதலாளி தன் பெருமையைத் தானே சொல்லிக்கொண்டு போகிறார். யாரும் சேர்க்காத பெண்களுக்கெல்லாம் வேலை தந்தாராம். தோல் வெட்டும் மெஷினில் இரண்டு விரல்களை இழந்தவளைச் சொந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். 'இருக்கையைக் கழுவிய செலவைக்கூட நான் அவளிடம் கேட்கவில்லை' என்று முடிக்கிறார். அந்தக் கடைசி வரியில் யாருக்கும் வயிறு எரியும் என்று நேவெனா நம்பியிருந்தாள். வுகாஷினுக்கோ பெருமையில் கண் கலங்கியது. கதை வெளிவந்த வார இதழோடு நூலகத்துக்கே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் மனசுக்குள்ள உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ரொட்டிக்கடை வரிசையில் ஆலைப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள்.

"இதை எழுத எவ்வளவு குடுத்திருப்பான்?"

"குடுக்காமலா? காரு கழுவவே காசு செலவு பண்ணினவனாச்சே."

நிஜத்தில் அப்படி விரல்களை இழந்த ஸ்தோயா, நேவெனாவின் பள்ளித் தோழி. கதை வந்த நாளிலிருந்து அவள் நேவெனா வீட்டுக்குக் காபி குடிக்க வரவில்லை. கோபத்தை அடக்கமுடியாமல் நேவெனாவே அவள் வீட்டுக்குப் போனாள். ஸ்தோயா பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோஸை எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ஊர்ல ஒருத்தருக்குமா புரியல? பேசுறது அவன்டி, நான் இல்ல. அவன் வாயாலயே அவனை மாட்டிவிட்டிருக்கேன்."

"எனக்குப் புரிஞ்சுது."

இதை நேவெனா எதிர்பார்க்கவில்லை.

"நான் என்ன மண்ணாந்தையா? அந்த இருக்கை வந்தப்பவே புரிஞ்சுது. ஆனா மூணு பக்கமும் அவன்தான் பேசுறான். நான் எங்க இருக்கேன்? பின்சீட்ல ரத்தம் வடியிற ஒரு கை. எனக்கு வாயே இல்லியா?"

"அவன் கண்ணுக்கு நீ அப்படித்தானே தெரியிற. அதைக் காட்டத்தான்..."

"அவன் கண்ணுக்கு எப்படித் தெரியிறேன்னு எனக்கு நீ காட்டணுமா? தினம் அங்கதான் நிக்கிறேன்." ஸ்தோயா மூடியை அழுத்தினாள். "அந்த மெஷினுக்கு இன்னும் காப்புத் தகடு போடல. இப்போ அதுல நம்மகூடப் படிச்ச லெபோசாவோட பொண்ணு நிக்கிறா. போன மாசம் தொழிலாளர் ஆய்வாளர் வந்தாரு. மெஷின் பக்கமே கூட்டிட்டுப் போகல. உன் கதை முன்னாடி நிறுத்திட்டான். வாசிச்சாரு, கைகுடுத்தாரு, போயிட்டாரு."

நேவெனா வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். ஊர்மேல் இருந்த ஆத்திரம் வீடு போய்ச் சேருவதற்குள் அவள் பக்கமே திரும்பிவிட்டது.

புனித நிக்கோலாஸ் திருநாளில் ஆலையில் விருந்து. பாதிரியார் ரொட்டியை வெட்டி ஆசி சொன்னார். வேகவைத்த கோதுமை சுற்றி வந்தது, நோன்பு நாள் என்பதால் மீன். வுகாஷினின் வலப்பக்கத்தில் அந்த ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். முதலாளி பிளம் சாராயக் கோப்பையோடு எழுந்தார்.

"இப்போ நம்ம எழுத்தாளரே கதையை வாசிப்பாங்க."

இது பாராட்டு இல்லை, ஏளனம் என்று எல்லோர் முன்னாலும் உடைத்துச் சொல்லத்தான் நேவெனா வந்திருந்தாள். எழுந்து நின்றபோது, கதவோரம் தட்டுகளைச் சுமந்து நின்ற ஸ்தோயா கண்ணில் பட்டாள். இதுவரை அவன் பேசினான். இனி நான் பேசப்போகிறேன். அவள் அப்போதும் தட்டோடு அங்கேயேதான் நிற்பாள் என்று நேவெனாவுக்கு உறைத்தது.

"தொண்டை கட்டியிருக்கு. ஸ்தோயா வாசிக்கட்டும். அவளைப் பத்தின கதைதானே."

"இதைவிட என்ன வேணும்!" வுகாஷின் குளிர்ந்துபோனார்.

ஸ்தோயா தட்டுகளை வைத்துவிட்டு வந்து, நேவெனா நீட்டிய தாள்களை வாங்கிக்கொண்டாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், பேருந்து நேரம் அறிவிப்பதுபோல வாசித்தாள். 'நான் இவர்களுக்குத் தந்தையைப் போன்றவன்.' யாரோ இருமினார்கள். பக்கம் திருப்ப வேண்டி வந்தது. விரல்கள் போன கையில் தாள் பிடிபடவில்லை, நழுவியது. உதவ எழுந்த ஒருத்தியைத் தலையசைத்து உட்காரவைத்தாள். கூடமே காத்திருந்தது. கடைசியில் கட்டைவிரலை நாக்கில் நனைத்துத் திருப்பினாள்.

'இருக்கையைக் கழுவிய செலவைக்கூட நான் அவளிடம் கேட்கவில்லை.'

தையல் பிரிவுப் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. அடுத்த மேசைக்குத் தாவியது. ரொட்டிக்கடை வரிசையில் குத்திப் பேசியவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோப்பையை உயர்த்தி வுகாஷினும் கூடவே சிரித்தார். ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. தாளைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மெஷின்மா அது?"

"வாங்க, காட்டுறேன்" என்றாள் ஸ்தோயா. "தகடு இல்லாத மெஷின். நீங்க பாக்காமப் போனது."

ஆய்வாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பெண்கள் பாதி மீனை விட்டுவிட்டு அவர் பின்னால் கிளம்பினார்கள். வுகாஷின் கோப்பையைக் கீழே வைக்காமலே நேவெனாவிடம் வந்தார்.

"ஏன் சிரிச்சாங்க? எழுதினவ நீதானே, சொல்லு. என்னைப் பாராட்டித்தானே எழுதின?"

"நான் எங்க ஐயா எதுவும் சொன்னேன்? அதுல முழுக்கப் பேசுறது நீங்கதானே."

அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு மெஷின் கூடத்துக்குப் போனாள். உள்ளே ஸ்தோயா பேசிக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகாமல், நேவெனா கடைசி வரிசையில் நின்று கேட்டாள்.