காணாமல் போகாத மிளகு

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை, வாட்ச்மேன் தெய்வசிகாமணி பழைய பல்ப்பர் ரூமைத் திறந்து காட்டினார். காணோம் என்று நான் போலீசில் புகார் கொடுத்த இரண்டு மூட்டை மிளகும் அங்கே இருந்தன. மூட்டை வாயில் நான் தைத்த பச்சைச் சணல்கூட அவிழவில்லை. புதன்கிழமை பெய்த மழையில் ஸ்டோர் சுவர் ஒழுகியதாம். மூட்டைகளை இங்கே தூக்கிப் போட்டுவிட்டு, சாவியோடு பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். மழை என்றால் மூட்டையை இங்கே மாற்றுவது எங்கள் எஸ்டேட்டில் காலங்காலமாக நடப்பதுதான். காப்பிப் பழம் அரைக்கும் பருவம் முடிந்துவிட்டால் இந்தப் பக்கம் வேறு யாரும் வருவதில்லை. பதினெட்டு வருஷமாக இங்கே கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் எனக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

எனக்கு உறைத்ததெல்லாம் மாதேஷ் புதன்கிழமை மதியமே சொல்லாமல் கொட்டச்சேடு கிராமத்துக்குப் போனதுதான். ஒற்றை மூங்கில் ஏணியில் சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏறி மிளகு பறிப்பவன் அவன். வியாழக்கிழமை ஸ்டேஷனில் அவன் பெயரைச் சொன்னது நான்தான். கிளம்பும்போது, ரெண்டு தட்டு தட்டிக் கேளுங்க, சொல்லிருவான் என்றும் சொன்னேன். ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

அன்று சாயந்திரமே அவன் மனைவி புவனா வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவனை ஸ்டேஷனிலிருந்து விட்டுவிடுவார்களாம். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப் பாதையில் பதினான்கு ஸ்தலத்திலும் முட்டி போட்டேன். ஆண்டவரை அடித்தவர்களை நினைத்துக் கண் கலங்கியது. மாதேஷ் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை.

மிளகு கிடைத்துவிட்டதைச் சொல்ல ஸ்டேஷனுக்கு ஓடினேன். சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு முந்திக்கொண்டார்.

"கெடச்சுருச்சுங்க ரைட்டரே. அவனே ஒத்துக்கிட்டான்."

மூலையில் இரண்டு மூட்டை மிளகு இருந்தது. முதலில் ஓடையோரம் புதைத்தேன் என்றானாம். தோண்டினார்கள், இல்லை. அப்புறம் கிணற்றில் போட்டேன் என்றானாம். சனிக்கிழமை, சேலத்தில் ஒரு கடையில் விற்றேன் என்றிருக்கிறான். வாசலில் ஜீப் நின்றதுமே கடைக்காரர் வம்பு வேண்டாமென்று தன் சரக்கிலிருந்தே இரண்டு மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பல்ப்பர் ரூமில் பார்த்ததைச் சொன்னேன். அவர் மூலையிலிருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்கதானுங்க ரெண்டு தட்டு தட்டச் சொன்னீங்க."

குத்திக்காட்டுகிற குரல்கூட இல்லை அது. அதுதான் தாங்கவில்லை. மேஜைமேல் ஒரு டைப் அடித்த தாளையும் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தார். இந்த மூட்டைகள் எஸ்டேட்டுடையவை என்று டைப் அடித்ததில் கையெழுத்துப் போடலாம், மாதேஷ் ஜெயிலுக்குப் போவான். அல்லது நான் கொடுத்த புகாரே பொய் என்று வெள்ளைத் தாளில் எழுதித் தரலாம். அப்படி எழுதினால் கேஸ் என்மேல் திரும்பும், வேலையும் எஸ்டேட் வீடும் போகும். மதியத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்றார்.

மாதேஷைப் பார்க்கணும் என்றேன். ஒரு கான்ஸ்டபிள் அவன் கக்கத்தில் கைகொடுத்து அழைத்து வந்தார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. பாதங்கள்தான் பன் மாதிரி உப்பியிருந்தன.

"எடுக்காதத எடுத்தேன்னு எதுக்கு மாதேசு சொன்ன?"

"நாந்தான் எடுத்தேன்னு நீங்க சொன்னீங்கன்னாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங்க. மூணா நாளு, நாமளேதான் எடுத்துட்டமோன்னு எனக்கே ஆயிப்போச்சுங்க."

எஸ்டேட்டில் ரைட்டர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வேலையாள் யாரும் உட்காருவதில்லை. யார் போட்ட சட்டமோ, நானும் அதை மாற்றியதில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டுங்க," என்றான்.

மறுபடியும் சொன்னேன், கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு காலை எடுத்து மறு கால்மேல் வைத்தான். வலி தாங்காமல் மாற்றி வைத்தான். இரண்டு தாள்களும் என் முன்னால் கிடந்தன. வெள்ளைத் தாளை என் பக்கம் இழுத்தேன். நான் எழுதி முடித்து எழுந்திருக்கும்வரை அவன் உட்கார மாட்டான்.