சின்ன உளியின் சத்தம்

தலைமாட்டில் வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பு அன்றும் உருண்டது. சின்னப்பராஜ் கண் விழித்தபோது பாயில் பாதி நனைந்திருந்தது. சொம்பைத் தட்டிவிட்ட வலது கை, சூடு பட்டதுபோல் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு இடுக்குகளிலிருந்து வெயில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது. டிக். டிக் டிக். டிக்.

"தூக்கத்துலயும் மிஷினா ஓட்டிகினு கீற?" என்றாள் அவன் மனைவி சகாயமேரி, பழந்துணியால் தண்ணீரை ஒற்றிக்கொண்டே. பிறகு சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "முகூர்த்த மாசம். அவரும் இன்னா பண்ணுவாரு."

பக்கத்து வீட்டு சுப்பராயலு பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து வெட்டியவர்தான். முட்டி வலி வந்தபின் கடைக்காரரே கல்யாணச் சீர்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார். பென்சில் பருமனில் ஓர் உளி, விரல் நீளச் சுத்தியல். எழுத்து என்று நாம் படிப்பது உண்மையில் கோடு அல்ல, நெருக்கமாக வைத்த புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு. 'காந்திமதி' என்று ஒரு பெயரை வெட்டி முடிப்பதற்குள் சுத்தியல் எத்தனை தரம் விழும் என்று அவருக்கே தெரியாது.

இரண்டு வீடுகளும் ஒரே வரிசைக் குடியிருப்பில் அடுத்தடுத்து இருந்தன. வாடகைக்கு விடக் கட்டியவன் நடுச்சுவரைக் கூரை வரை எழுப்பவில்லை. ஓட்டுச் சரிவு தொடங்கும் உயரத்தில் நிறுத்திவிட்டான். அதனால் இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். சத்தத்துக்குச் சுவர் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் சின்னப்பராஜ் சத்தத்துக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. நெடுஞ்சாலை வாசலிலேயே ஓடுகிறது. கருங்கல் ஏற்றிய லாரிகள் பள்ளத்தில் இறங்கும்போது சுவரே அதிரும். அதற்கெல்லாம் அவன் புரண்டுகூடப் படுத்ததில்லை. இந்தச் சின்ன உளிதான் அவனை எழுப்பியது. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவன் வேலையைச் சொல்ல வேண்டும்.

அவன் வேலை செய்தது லாரிகளுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கிற ஒரு பட்டறையில், பிரஸ் மிஷினில். எழுபத்தாறாம் வருடம் அது. பகலில் மின்வெட்டு என்பதால் பட்டறை பெரும்பாலும் இரவில்தான் ஓடியது. பிரஸ் மிஷின் பார்வைக்குத்தான் மூர்க்கம், உள்வேலை எளிது. மேலே ஒரு பெரிய இரும்புச் சக்கரத்தை மோட்டார் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரம் சுற்றுவதால் மட்டும் தகட்டை வெட்டும் அச்சு இறங்கிவிடாது. இரண்டுக்கும் நடுவில் தொடர்பு இல்லை. காலால் மிதியை அழுத்தினால், சாவி என்று அவர்கள் சொல்லும் ஓர் இரும்புத்துண்டு சக்கரத்தின் பள்ளத்தில் போய் விழும். அப்போது சக்கரம் அச்சைப் பிடித்துக்கொள்ளும். அச்சு ஒருமுறை இறங்கி, வெட்டிவிட்டு, மேலேறும். ஏறியவுடன் ஒரு ஸ்பிரிங் சாவியை வெளியே இழுத்துவிடும். அடுத்த மிதிக்கு முன்னால் கையை அச்சுக்கு அடியில் விட்டு, வெட்டிய துண்டை எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைக்க வேண்டும். மனிதன் கை அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான் உள்ளே போகிறது.

ஸ்பிரிங் தளர்ந்தால் சாவி பாதிதான் திரும்பும். மிதிக்காமலே அச்சு இன்னொரு தடவை இறங்கும். பட்டறையில் அதற்கு 'டபுள்' என்று பெயர். ஆனால் டபுள் சொல்லாமல் வருவதில்லை. பாதியில் நிற்கும் சாவியின் மூலை, சுற்றுகிற சக்கரத்தில் உரசி ஒரு சத்தம் கொடுக்கும். டிக். அத்தனை மிஷின்களும் இடிக்கிற இடத்தில் அது எப்படிக் கேட்கும் என்று தோன்றலாம். இடிச்சத்தம் தடிமனானது. இது மெல்லியது. சாக்கின் நெசவுக்குள் ஊசி நுழைவதுபோல் இடிகளின் நடுவே நுழைந்து வந்துவிடும். வேலை பழகியவனுக்கு அதைக் காது கேட்டு, மூளை யோசித்து, கை நகரும் என்றில்லை. கை தானாகவே வெளியே வந்துவிடும். சின்னப்பராஜின் கை பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. தூங்கும்போதும் அதற்கு வேறு வழி தெரியவில்லை.

தூக்கம் கெடுவது அவனுக்கு வெறும் தலைவலி விஷயம் இல்லை. அவனுக்கு அடுத்த மிஷினில் நின்ற செல்வநாதன், குழந்தைக்குக் காய்ச்சல் என்று தொடர்ந்து கண் மூடாமல் வேலைக்கு வந்து இரண்டு விரல்களைக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, டிக் கேட்கவில்லையா என்று சின்னப்பராஜ் கேட்டான். "காதுல வுழுந்துதுப்பா," என்றான் செல்வநாதன். "கைக்கு வந்து சேரல." இப்போது அவன் பட்டறையில் கழிவுத் தகடு கூட்டுகிறான், பாதிக் கூலிக்கு.

அதனால்தான் சின்னப்பராஜ் வைகாசியில் சுப்பராயலுவிடம் போய் நின்றான். முதலில் மரியாதையாகத்தான் கேட்டான். அவரும் மறுக்கவில்லை. பாத்திரம் என்பது கவிழ்த்த மணிதானே என்று அதற்குள் ஈர மணலை நிரப்பி வைத்து வெட்டிப் பார்த்தார். ரீங்காரம் செத்தது, டிக் சாகவில்லை. அது பாத்திரத்தின் சத்தம் இல்லை, உளியின் சத்தம். கோணியை நாலாக மடித்து அடியில் போட்டுப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். எவர்சில்வரில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியதில் ஒரு மணப்பெண்ணின் இனிஷியல் தப்பாகிவிட்டது, கடைக்காரர் அந்தக் குடத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றான் சின்னப்பராஜ். விளக்கு வெளிச்சத்தில் புள்ளி தெரிகிற வயதா தனக்கு என்றார் அவர். அவர் கண்ணுக்கு வேண்டிய பகல், இவன் தூக்கத்துக்கு வேண்டியிருந்தது. இருந்தது ஒரே பகல்.

ஆனி நடுவில் ஒருநாள் சின்னப்பராஜ் பாயிலிருந்து எழுந்து சுவரைக் காலால் உதைத்தான். காரை பெயர்ந்து விழுந்தது. "உன் கை வெளங்காமப் போவட்டும்யா," என்று கத்தினான். அந்தப் பக்கம் உளி நின்றது. சுப்பராயலுவின் மனைவி பங்கஜம்தான் வாசலுக்கு வந்து, "நாங்க இன்னா ஓசியிலயா குடியிருக்கோம்? தூக்கம் வரலன்னா மாதா கோயிலாண்ட போயி படுத்துக்கோ," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து டிக் மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக, பயந்ததுபோல. அது இன்னும் மோசமாக இருந்தது. அன்று முதல் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் சீர்ப் பாத்திரம் இல்லை. சின்னப்பராஜ் தூங்கினான். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துத் தூங்கினான்.

ஆவணி பிறந்ததும் மறுபடி பயம் வந்தது. முதல் முகூர்த்தம் நெருங்கியபோது சொம்பைத் தானே எடுத்து மூலையில் தள்ளி வைத்தான். சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிழவர் எங்கேயோ வேறு இடம் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தான். இல்லை, மறுபடி கடை வாசலுக்கே போகிறாரோ என்னவோ, அந்த முட்டியை வைத்துக்கொண்டு. ஒருவேளை இவனுக்காகத்தான். உதைத்த சுவரில் காரை பெயர்ந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. படுத்தால் எழுப்புவதற்குச் சகாயமேரி தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

எல்லாமே சரியாகிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. பட்டறையில் அவன் மிஷின்கூட நல்லபடியாகிவிட்டது. ஆனியில் அடிக்கடி டிக் கொடுத்து, ஃபிட்டர் வரதராஜுலுவை வந்து பார்க்கச் சொல்லி அலைக்கழித்த மிஷின், இப்போது இரவு முழுக்க ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. ஸ்பிரிங் மாற்றியதற்கு நன்றி சொல்ல, வரதராஜுலுவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். அவர் வெற்றிலை வாயோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இப்போதெல்லாம் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

வீட்டில்தான் சகாயமேரி எரிந்து விழுந்தாள். ஏன் இப்படிக் கத்திப் பேசுகிறாய் என்றாள். பம்ப் ஸ்டவ் சீறிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்துவிட்டதென்று பக்கத்தில் குனிந்து பார்த்திருக்கிறான். முன்பெல்லாம் பட்டறையை விட்டு வெளியே வந்ததும் காதுக்குள் ஒரு வண்டு இரையும், குளித்துச் சாப்பிடுவதற்குள் அடங்கிவிடும். இப்போது அடங்குவதில்லை. ஒரே அளவாக இரைந்துகொண்டிருந்ததால் அவன் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தான். தூங்குவதற்கு அது இதமாகக்கூட இருந்தது.

ஆவணி முடிவதற்குள் கிழவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். ஒரு மத்தியானம் தூங்கி எழுந்து, பஸ் ஸ்டாப் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பக்கோடாப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றான். பங்கஜம் அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. அவன் அருகில் வந்து நின்றதால் அவள் சொன்னது காதில் விழுந்தது.

"நீயே வந்துட்டியா தம்பி. அவரு தெனமும் சொல்லிகினே கீறாரு. அந்தப் புள்ள அப்டி பேசுச்சே ஒழிய, இப்ப எப்டி பொறுத்துக்குது பாரு, ஒரு நாளாவது சொவுர தட்டிச்சா, நாமதான் போயி நல்ல வார்த்த சொல்லணும்னு."

"நான் இன்னாக்கா பொறுத்துகினேன்?" என்றான் சின்னப்பராஜ். "அண்ணன்தான் எனக்கோசரம் வேற எடம் பாத்துகினாரு."

பங்கஜம் அவனைப் புரியாமல் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பினாள். அவனும் அவள் தோளுக்கு மேல் பார்த்தான்.

சுப்பராயலு நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து, எப்போதும் உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால்தான், சுவரின் அந்தப் பக்கம், சின்னப்பராஜின் பாய். சுற்றிலும் குடமும் தவலையும் அண்டாவுமாக ஒரு கல்யாணமே குவிந்து கிடந்தது. மடியில் மணல் நிரப்பிய ஒரு குடம். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. சுத்தியல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உளிக்கு அடியில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் நீண்டுகொண்டிருந்தது. சாலையில் போன லாரியின் உறுமலைச் சின்னப்பராஜ் கேட்டான். சுத்தியலிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அவன் பழத்தைக் கீழே வைக்கவில்லை. ஆவணி பிறந்ததிலிருந்து தூங்கிய தூக்கங்கள் நினைவுக்கு வரவில்லை. மிஷின்தான் வந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடிய மிஷின். வெற்றிலை வாயோடு வரதராஜுலு சொன்னது ஸ்பிரிங் மாற்றிவிட்டேன் என்பதாக இருக்கலாம். புது ஸ்பிரிங் இன்னும் வரவில்லை என்பதாகவும் இருக்கலாம். அத்தனை இரவும் கை உள்ளே போய் வந்திருக்கிறது.

சுப்பராயலு நிமிர்ந்து பார்த்தார். அவசரமாக உளியைக் கீழே வைக்கப் போனார்.

"நிறுத்தாதண்ணே," என்றான் சின்னப்பராஜ். உள்ளே போய் அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "நீ பாட்டுக்கு அடி."

அவர் சிரித்தார், ஏதோ சொன்னார், அடித்தார். சின்னப்பராஜ் வலது கை விரல்களைக் குடத்தின் விளிம்பில் வைத்தான். எறும்பு கடிப்பதுபோல் ஒவ்வொரு தட்டும் விரலில் வந்து ஏறியது. விரல்களை ஒரு நூல் அளவு தூக்கினான். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி, வண்டின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் காதை நீட்டினான். வெகுநேரம் அப்படியே இருந்தான்.

"ஏண்ணே நிறுத்திட்ட?"

சுப்பராயலு முன்னால் குனிந்து, அவன் காதருகே வந்து சொன்னார். "நான் நிறுத்தலியே, சின்னப்பா."

வாசலில் சகாயமேரி வந்து நின்றிருந்தாள், கையில் இரவுச் சாப்பாட்டுத் தூக்குடன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்தவள், மூவர் முகத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சின்னப்பராஜ் கண்ணைத் திறந்தான். கிழவரைச் சைகையால் அடிக்கச் சொன்னான். அவர் அடித்தார். குடத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு மணல், ஒவ்வொரு அடிக்கும் துள்ளித் துள்ளி விழுந்தது. அவன் தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, மணலையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். மணல் துள்ளியது. கை அசையவே இல்லை.