கரிச் சுவரில் நீலப் பந்து

1

ஒரு சிறப்பு மலருக்குக் கதை கேட்ட மலராசிரியர், "நீங்கள் மாத்தளை ஆளல்லவா, எண்பத்து மூன்று கலவரத்தைப் பற்றி உருக்கமாக ஒன்று தாருங்கள்" என்றார். நான் ரக்கெட்போல் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "அதற்கும் எண்பத்து மூன்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று தொலைபேசியில் கேட்டார். அந்தக் கேள்வியில் பிறந்த கதை இது. கோபத்தில் பிறந்தது, அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: ரிவர்ஸ்டன் மலையில் பனி இறங்கிய ஒரு காலையில்—

(வேண்டாம். மாத்தளை என்றதும் பனியை இறக்குவது எழுத்தாளர்களுக்கு ஒரு வியாதி.)

இரண்டாவது தொடக்கம்: 1985இல் யஹ்யா ஊர் திரும்பினான். சவூதியில் அமெரிக்கர்களின் குடியிருப்பில் ரக்கெட்போல் கூடம் துடைத்தவன். மற்றவர்கள் கேசட் ரேடியோ கொண்டுவந்தார்கள். இவன் இரண்டு ரக்கெட்டும் மூன்று நீலப் பந்துகளும் கொண்டுவந்தான். கூட ஆடுவதற்குச் சண்முகராஜா என்ற பள்ளிக்கூட ஆசிரியர் சிக்கினார். அடக்கமான மனிதர்.*

* இதைப் பின்னால் வாபஸ் வாங்குவேன்.

3

ஆட்டத்துக்கு நாலு சுவர் வேண்டும். ஒருவர் பந்தை முன்சுவரில் அடிக்க, அது தரையில் இரண்டாம் தடவை குத்துமுன் மற்றவர் அடிக்க வேண்டும். ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பில் ஒரு ஸ்குவாஷ் கூடம் இருந்தது. காவலாளி இவர்களுடைய செருப்பைப் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினான். யட்டவத்தயில் ஒரு நெல் ஆலை. முதல் அடியிலேயே பல்பு போனது. பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டால், இது எந்த நாட்டு விளையாட்டு என்று அதிபர் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

கடைசியில் முத்துவீரன் என்ற வியாபாரியின் மிளகு ஸ்டோர். எண்பத்து மூன்று ஆடியில் எரித்தார்கள். நாலு சுவரும் இரும்புக் கதவும் சீமெந்துத் தரையும் மிஞ்சின. [கூரையும் ஆட்டத்தில் சேர்த்தி என்பான் யஹ்யா. எங்களுக்குக் கூரை இல்லாததால் ஒரு பந்து வெளியே போய்த் தொலைந்தது.]

('எங்களுக்கு' என்பதை 'அவர்களுக்கு' என்று திருத்தவும்.)

முத்துவீரன் சாவியைக் கொடுத்தார். "ஆடிக்கிங்க. செவுத்துக் கரிய மட்டும் தொடாதீங்க. பாக்குறதுக்கு நட்டஈட்டு ஆபீசர் வரணும்."

"பந்து படுமே, அண்ணே," என்றான் யஹ்யா.

"பந்து பட்டா கரி போயிருமா? போங்க."

அந்தத் தெருவில் எதுவுமே எரியவில்லை என்று யாரோ ஏற்கெனவே அரசாங்கத்துக்கு ஒரு காகிதம் எழுதிவிட்டார்கள். அது பொய் என்று காட்ட அவரிடம் இருந்தது அந்தக் கரி மட்டும்தான். மழை வந்தால் ஓடிவந்து சுவர் நனையாமல் படங்குத் துணி கட்டுவார். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

4

ஆட்டம் தொடங்கிய அந்த மாதம் மழை இல்லை. அதனால் முத்துவீரன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒவ்வோர் அடிக்கும் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. சண்முகராஜா அதைப் பார்த்தார். பார்த்தும் ஆடினார், ஏனென்றால் அந்த வாரம்தான் அவருக்கு—

எனக்கு. சண்முகராஜா என்று எவரும் இல்லை, ஆடியவன் நான்தான். அந்த வாரம்தான் எனக்கு சர்வீஸ் அடி பிடிபட்டது. யஹ்யா வட்டங்களைக் காட்டி, "நிப்பாட்டுவமா மாஸ்டர்?" என்று கேட்டான்.

"இன்னும் ஒரு கேம்," என்றேன். மாதம் முழுக்க அதையே சொன்னேன். வெட்கம்கெட்டவன்.

5

ஒரு பின்னேரம் ஆபீசர் வந்தார். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் முத்துவீரன். முன்சுவர் ஆள் உயரத்துக்கு வெளுத்திருந்தது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று ஆபீசர் சிங்களத்தில் கேட்டார்.

என் ஆட்டத்தைப் பற்றி ஒருவர் விசாரிப்பது அதுதான் முதல் தடவை. "ரக்கெட்போல், மாத்தயா," என்றேன். விதிகளை விளக்கினேன். ஒரு சர்வீஸ் போட்டும் காட்டினேன். ஆபீசர் ரசித்தார். பிறகு படிவத்தில் எழுதினார்: கட்டடத்தின் தற்போதைய பாவனை, விளையாட்டுக் கூடம். எரிந்த இடம் என்று எழுதவில்லை.

முத்துவீரன் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா ஆடுறீங்க தம்பி," என்றார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

6

முடிவு அ: நான் மன்னிப்புக் கேட்டேன். (கேட்கவில்லை.)

முடிவு ஆ: யஹ்யாவும் நானும் கரி அரைத்துச் சுவரில் பூசினோம். (பேசினோம். பேசியதோடு சரி.)

முடிவு இ: மலராசிரியர் கேட்ட உருக்கம். முத்துவீரன் அந்த வெள்ளை வட்டங்களைத் தடவி— (அவர் அங்கே திரும்பி வரவே இல்லை.)

சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள். விலாசம் தருகிறேன். நான் எங்கே என்று கேட்டால், கதை எழுதுகிறான் என்று சொல்லாதீர்கள். ஆடப் போயிருக்கிறான் என்று சொல்லுங்கள், நம்புவார்.