ஒற்றை நாற்காலி

சனிக்கிழமை என்றால் லோகேஸ்வரி ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள். வாரத்தில் ஐந்து நாள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் கடிதம் அடித்து, கோப்பு அடுக்கும் கிராணி வேலை. மிச்சமிருக்கும் இரண்டு நாளையும் வீடு எடுத்துக்கொள்ளும். ஹாலில் இரண்டு சோபா செட், ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு கண்ணாடி ஷோகேஸ், ஜன்னல்களுக்கு மாற்றி மாற்றித் துவைத்துப் போட மூன்று ஜோடித் திரைச்சீலை. சமையலறையில் ஜூஸ் பிழிய ஒன்று, ரொட்டி சுட ஒன்று, எண்ணெய் இல்லாமல் பொரிக்க ஒன்று. ஷோகேஸ் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். வருகிறவர்கள் யாராவது, “அம்மாடி, வீட்ட எப்படி வச்சிருக்கீங்க ஆன்டி!” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு இடுப்பு வலி தெரியாது.

இத்தனைக்கும் வீட்டில் இருந்தது இரண்டே பேர். மகன் கிஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. கணவர் திருச்செல்வம் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். வந்தால் டிவி, டிவி முடிந்தால் தூக்கம். அந்த சோபாக்களில் எல்லா இடமும் நிரம்புவது வருஷத்துக்கு ஒருநாள்தான். தீபாவளி ஓப்பன் ஹவுஸ். நூற்றைம்பது பேர் வருவார்கள். ஏழு வகைப் பலகாரம், பிரியாணி, இரண்டு கறி. எல்லாரும் போன பிறகு லோகேஸ்வரி காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வெள்ளம் வந்தது ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை. முதல்நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. காலையில் கால்வாய் நிரம்பி ரோட்டுக்கு வந்த தண்ணீர், மத்தியானம் கேட்டைத் தாண்டி, ஹாலில் முழங்கால்வரை ஏறிவிட்டது. இருவரும் மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் கைக்குக் கிடைத்ததைத் தூக்கினார்கள். அரிசி, மாத்திரை, பத்திரங்கள் மேலே போவதற்குள் தண்ணீர் மார்பளவு வந்துவிட்டது. திருச்செல்வம், “போதும் லோகா, வா” என்றார்.

“ஏங்க, அந்தக் கிரிஸ்டல் செட்டு. ஷோகேஸ்ல மேல்தட்டு. அது ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க.”

அவர் இறங்கிப் போனார். அந்த நேரத்தில்தான் சமையலறையிலிருந்த பெரிய பிரிட்ஜ் மிதந்து, சாய்ந்தபடி ஹாலுக்குள் வந்தது. தண்ணீர் அதைச் சுழற்றிக் கொண்டுவந்து, படிக்குப் பக்கத்துச் சுவரோடு அவரை வைத்து அமுக்கியது. லோகேஸ்வரி படியில் நின்று கத்தினாள். கழுத்துக்குக் கீழே தண்ணீர், முன்னால் அந்த வெள்ளைப் பெட்டி, நடுவே அவருடைய முகம். அவளும் இறங்கிக் காலால் உதைத்தாள். இரண்டு நிமிஷமோ, ஐந்து நிமிஷமோ. பிரிட்ஜ் ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிட்டது. அவர் படியேறி வந்து, கையில் இருந்த ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தார்.

மறுநாள் யாரோ தன்னார்வலர்கள் படகில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலு நாள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கீழ்வீடு முழுக்க முழங்கால் அளவு சேறு. கிஷன் லீவு போட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் இழுத்துப் போட்டான். ஊதிப்போன பலகைகளும் சோபாக்களும் வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. மூன்றாம் நாள் லோரி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்து கேட்டருகே நின்றாள் லோகேஸ்வரி. வரவில்லை. இனி இதையெல்லாம் துடைக்க வேண்டாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த உடனே அதற்காக வெட்கப்பட்டாள்.

கீழே சுவர் காயும்வரை மாடியில் குடித்தனம். ஒரு பாய், ஒரு மெத்தை, இரட்டை அடுப்பு, ரைஸ் குக்கர், நாலு தட்டு. கழுவி வைக்கப் பத்து நிமிஷம். அடுத்த மாதம், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. மறுபடி படுத்து எட்டு மணிவரை தூங்கினாள். எழுந்தபோது திருச்செல்வம் தேநீர் போட்டு வைத்திருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் போட்ட முதல் தேநீர். சர்க்கரை கூடுதல். அவள் அதை முழுக்கக் குடித்தாள்.

டிவி இல்லாததால் மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். ஆனால் மழை பெய்தால் பேச்சு நின்றுவிடும். குடையை எடுத்துக்கொண்டு கால்வாய் வரைக்கும் போய், தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். கால் மணி நேரம் கழித்து மறுபடி போவார். ஒருநாள் அவளும் கூடவே போனாள்.

“திரும்ப வந்தா என்ன செய்றது லோகா?” என்றார், கால்வாயைப் பார்த்தபடியே.

“வந்தா வரட்டும். ஒரு பேக்க தூக்கிக்கிட்டு மேல போயிடுவோம். கீழ என்ன இருக்கு இப்ப?”

அவர் யோசித்தார். “ஆமாலா. ஒண்ணும் இல்ல” என்றார். அன்றைக்கு அவர் இரண்டாம் முறை குடையைத் தொடவில்லை.

கீழ்வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்ததும் லோகேஸ்வரி ஹாலில் இரண்டு பாய் விரித்தாள். சாமி படத்தை மாட்டினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசல் வழியே தடையில்லாமல் போயிற்று.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் லோரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாக இறங்கியது ரவாங்கிலிருக்கும் நல்லம்மாள், திருச்செல்வத்தின் அக்கா. அம்மா இல்லாத தம்பியை வளர்த்தவள். அவள் சொல்லுக்குத் தம்பி மறுப்புச் சொன்னதே இல்லை. லோரியில் சோபா செட், சாப்பாட்டு மேசை, ஒரு ஷோகேஸ்.

“லோகா, கேட்ட நல்லா திற! மகன் புது வீடு போறான், எல்லாம் புதுசா வாங்குறான். இதெல்லாம் ரெண்டு வருஷம்கூட ஆகல. உங்களுக்குன்னு நான்தான் எடுத்து வச்சேன்.”

லோகேஸ்வரியின் கை கேட்டின் மேல் இருந்தது. திறக்கவில்லை. அந்த ஷோகேஸின் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது.

“அண்ணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஆனா வேணாம் அண்ணி.”

“என்ன வேணாம்?”

“எதுவும் வேணாம். இருக்குறது போதும்.”

நல்லம்மாள் அவளைத் தாண்டி, திறந்திருந்த வாசல் வழியே ஹாலைப் பார்த்தாள். “இருக்குறதா? ரெண்டு பாய்தானே இருக்கு? தீபாவளிக்கு நூறு பேரு வருவாங்க. எல்லாரையும் தரையில உக்கார வைக்கப் போறியா? என் தம்பி வீட்டுக்கு என்ன வந்துச்சுன்னு ஊர் கேட்காதா?”

“நூறு பேர கூப்பிடப் போறதில்ல அண்ணி.”

“செல்வம், நீ சொல்லுடா.”

திருச்செல்வம் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “வேணாம்க்கா. இப்படியே நல்லா இருக்கு” என்றார்.

நல்லம்மாள் திரும்பி நடந்தாள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் லோரியில் ஏறினாள். ஏறுவதற்கு டிரைவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. லோகேஸ்வரி முதலில், கோபம் ஆறட்டும் என்று விட்டாள். அக்கம்பக்கத்தில் சில பேர் அவளுடைய வெறும் ஹாலைப் பார்த்து, “ரொம்ப அமைதியா இருக்கு ஆன்டி, எங்களால இப்படி முடியாது” என்றபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் திருச்செல்வம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அது அக்கா கூப்பிடும் நேரம்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை அவளே கிளம்பினாள். முன்னெல்லாம் சனிக்கிழமை வெளியே போவதை நினைத்தே பார்த்ததில்லை. கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறி ரவாங்கில் இறங்கினாள்.

கதவைத் திறந்த நல்லம்மாள், “வா” என்று மட்டும் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சமையலறையில் பிரம்பால் பின்னிய உயரமான ரோத்தான் நாற்காலி ஒன்று இருந்தது. அதன் இரண்டு கையையும் பிடித்து, பாதி தூரம் உட்கார்ந்து, நின்று, மெல்ல மீதியும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற லோகேஸ்வரிக்கு முகம் சூடாயிற்று.

“அண்ணி, முட்டி இவ்வளவு மோசமா ஆயிடுச்சா?”

“ரெண்டு வருஷமா இப்படித்தான். தரையில உக்காந்தா எழுப்ப ரெண்டு ஆள் வேணும். உன் வீட்டுக்கு வந்து நான் நின்னுக்கிட்டே இருக்கணுமா? உங்களுக்குன்னுதான் கொண்டு வந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கும் உக்கார ஒரு இடம் வேணும்ல, என் தம்பி வீட்டுல?”

லோகேஸ்வரி அந்த முட்டியைப் பார்த்தாள். ஒரு காலத்தில் ஷோகேஸைக் காட்டிப் பெருமைப்பட்டவள், இப்போது காலி ஹாலைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டிலுமே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாளே ஒழிய, காலைப் பார்க்கவில்லை.

பிறகு, இதுவரை கிஷனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னாள். கிரிஸ்டல் செட்டைப் பற்றி, பிரிட்ஜைப் பற்றி, சுவருக்கும் அதற்கும் நடுவில் மாட்டிய அவருடைய முகத்தைப் பற்றி. “நான்தான் அண்ணி அனுப்பினேன். ஒரு கண்ணாடிச் சாமானுக்காக. நீங்க லோரியில ஷோகேஸ் கொண்டு வந்தீங்க. என்னால அத உள்ள விட முடியல.”

நல்லம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? பைத்தியம்” என்றாள். “அந்த சோபாவெல்லாம் போயிடுச்சு. ஜெஞ்சாரோம்ல ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்.”

“சோபா வேணாம் அண்ணி. இந்த மாதிரி ஒரு நாற்காலி போதும். உங்களுக்கு.”

“இதையே எடுத்துட்டுப் போ. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு.”

“மகன் கார்ல அனுப்புங்க, அவசரமில்ல.”

“அவன் எப்ப வர்றது? உனக்குக் கையில தெம்பு இல்லையா?”

இப்படித்தான் லோகேஸ்வரி அன்று சாயங்காலம் ஒரு ரோத்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொமுட்டரில் ஏறினாள். கனமில்லை, ஆனால் நாலு காலும் நாலு பக்கம் இடித்தன. கே.எல். சென்ட்ரலில் மாறியபோது பெட்டியில் ஒரு சீட்டுகூடக் காலியில்லை. கதவோரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியை இறக்கி வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். “அக்கா, சொந்த சீட்டா?”

“ஆமா. ரிசர்வ்டு.”

பெட்டாலிங் தாண்டுவதற்குள், கனத்த பைகளோடு ஏறிய ஒரு மலாய்க்காரப் பாட்டிக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பாட்டி ஷா ஆலம் வரைக்கும் அதில் ஜம்மென்று வந்து, இறங்கும்போது நாற்காலியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தத் தீபாவளிக்கு லோகேஸ்வரி கூப்பிட்டது இருபது பேரை. இரண்டு வகைப் பலகாரம், காலையில் தோசை, ஆட்டுக்கறி. கறியை முதல்நாளே வைத்து முடித்துவிட்டாள். தோசையைத் திருச்செல்வமும் கிஷனும் சுட்டார்கள். பாதி பிய்ந்து வந்தது. எதிர்வீட்டுச் சீன அம்மா பிய்ந்ததைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கால் மடக்க முடிந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். நல்லம்மாள் நாற்காலியில்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லோகேஸ்வரியும் முறுக்குத் தட்டோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். நல்லம்மாள் தம்பி பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஷா ஆலம் தாண்டலலா, அதுக்குள்ள மூணு தடவை கார நிப்பாட்டச் சொல்லிட்டான். வயித்தக் கலக்குதுக்கா, பொண்ணுக்கு என்னைப் பிடிக்காமப் போயிட்டா என்ன செய்றதுன்னு. கையெல்லாம் ஒரே வேர்வை. என் கைக்குட்டையத்தான் குடுத்தேன்.”

கிஷன் விழுந்து விழுந்து சிரித்தான். திருச்செல்வம் தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று, “போதும்க்கா” என்றார்.

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததை, விருப்பமில்லாமல் வந்திருக்கிறார் என்றுதான் அவள் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இத ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?”

“சொன்னதில்லையா?” நல்லம்மாளுக்கு ஆச்சரியம். “ஒவ்வொரு தீபாவளிக்கும் இங்கதானே சொல்றேன்! எல்லாரும் கேட்டிருக்காங்க. நீதான் அடுப்படிய விட்டு வந்ததே இல்ல.”

லோகேஸ்வரி முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றாள்.