ஒன்பது கிலோ அம்மா

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் எடை, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஐம்பத்து நான்கு கிலோவிலிருந்து ஒன்பது கிலோவாகக் குறைந்தது. உடம்பு இளைக்கவில்லை, விரலில் மோதிரம்கூடத் தளரவில்லை. தீவனக் கிண்ணத்தை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தாள், தலை கூரையில் இடித்தது, அவ்வளவுதான். அவள் வளர்த்த பன்னிரண்டு எலிகளும் அதே நிமிடத்தில், அதே அளவில் லேசாயின. எடை ஆறில் ஒன்றாகிவிடும் நிலாவில் பாலூட்டிகள் பிழைக்குமா என்று அறிய, எலிகளின் எடையைக் குறைக்க அவற்றை வாரில் தொங்கவிட்டு ஏழு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஞ்ஞானி அம்மா, தராசை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். பிறகு வார்களை அவிழ்த்துச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டார்.

சிக்கல் ஒன்றுதான். எலிக்காரிக்கு அப்போது நாலு மாதம்.

"எடை இல்லாட்டி எலிக்கே எலும்பு தேயுது. வயித்துல இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியலம்மா" என்று விஞ்ஞானி உள்ளதை உள்ளபடி சொன்னார். எலிக்காரியின் கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மூன்றாம் நாள் தடித்த ரப்பர் பட்டைகளோடு வந்து, அவள் தோளையும் தரையையும் சேர்த்து இழுத்துக் கட்டினான். அதோடு மல்லுக்கட்டியபடி அவள் தினமும் ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே நடந்தாள். பக்கத்தில் எலிகள் சக்கரத்தில் ஓடின. ஓடிய எலிகளுக்கு எலும்பு தேயவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஓர் எலி எட்டுக் குட்டி போட்டது. எது மேல், எது கீழ் என்று குட்டிகளுக்குப் பிடிபடவில்லை. மல்லாந்து கிடந்து காற்றை உதைத்தன. வயிற்றில் கைவைத்தபடி, சாப்பாடு இறங்காமல், அவள் கூண்டருகிலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் ஒரு குட்டி புரண்டு நாலு காலில் நின்றது.

"ஏங்க, திரும்பிடுச்சுங்க!"

துள்ளிய துள்ளலில் கூரை விளக்கு உடைந்தது. அவன் சிரித்துக்கொண்டே மாற்றினான்.

பெண் குழந்தை பிறந்தது. பார்வைக்கு மூன்று கிலோ, தராசுக்கு அரை கிலோ. அழுகை மட்டும் முழு எடைதான் என்று செவிலி காதைப் பொத்திக்கொண்டாள். கழுத்து நின்றது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பதினோராம் மாதம் நடந்தது. எல்லாம் அந்தந்த மாதத்தில். விஞ்ஞானி எழுதிக்கொள்வதற்காகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் சேர்த்து.

நாலு வயதில் மகள் படியேறுவதையே விட்டுவிட்டாள், கீழிருந்து ஒரே தாவலில் மாடிக்குப் போனாள். தெருவில் மாடி ஜன்னல்களைத் திறந்தே வைக்கப் பழகிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அத்தைதான் கொஞ்சம் கண்டிப்பு. ஜன்னல் விளிம்பில் மிதியடி ஒன்று போட்டு வைத்திருந்தாள்.

"எந்த வழியா வேணா வா. காலைத் துடைச்சிட்டு வா."